இரண்டு முறை வராதவர்கள்

முரளி, இந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, ஆற அமர உட்கார்ந்து படி. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் முயன்றேன். ஒவ்வொரு முறையும் உன் குரலைக் கேட்டதும், இங்கே மழை எப்படி, உன் பெண்ணுக்குச் சளி போயிற்றா என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கையால் எழுதினால்தான் பாதியில் நிறுத்த முடியாது என்று தோன்றியது. எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். உங்கள் ஊரில் சிறுநீரக நோயாளிகளுக்கான அரசுப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று ஆலோசனை சொல்லும் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள், நோயாளிகளின் குடும்பங்கள் சார்பாக உனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். அம்மாவை வைத்துக்கொண்டு நாம் பட்டதெல்லாம் யாருக்காவது உபயோகப்படட்டும் என்றாய். அதுவரை சரி. பிறகு, "நீங்க செஞ்ச மாதிரிதான்பா நானும். கேக்கலேன்னா ராஜினாமா பண்ணிட்டு வந்துடுவேன்" என்றாய். அந்த வார்த்தைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. முரளி, நான் ராஜினாமா செய்யவில்லை. இங்கே நான் இருந்த குழுவில் கடைசி நாள் வரை உட்கார்ந்திருந்தேன். முடியும்போது எனக்கு ஒரு உத்தரீயம் போர்த்தி, கையில் பூங்கொத்து கொடுத்து, கைதட்டி அனுப்பினார்கள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் தேயிலைக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது உனக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த மருத்துவச் சலுகை ஓய்வோடு போய்விட்டது. நீ அப்போது கோவையில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து அலைந்துகொண்டிருந்தாய். நல்ல வேளையாக இங்கே அரசு மருத்துவமனையில் இலவச டயாலிசிஸ் பிரிவில் இடம் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு காலை, லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போவோம். அம்மா உள்ளே போனதும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவன் நான். மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, யார் எந்த ஷிஃப்டுக்கு வருகிறார்கள் என்று குறித்து வைப்பது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். அதைப் பார்த்துத்தான் அரசாங்கம் டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு குழு அமைத்தபோது மருத்துவமனை சூப்பிரண்டெண்ட் என் பெயரைக் கொடுத்தார். குடும்பங்களின் பிரதிநிதி. முப்பது வருஷம் பிறர் கையெழுத்துப் போடுவதற்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவனுக்கு, தன் பெயர்ப் பலகை வைத்த நாற்காலி. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதல் கூட்டத்துக்கு லேக் மார்க்கெட்டில் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போனேன்.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு பெரிய அதிகாரி. சென் சாஹேப் என்று வைத்துக்கொள். கெட்டவர் இல்லை, நிறையப் படித்தவர். ஒரு குளிர்காலக் கூட்டத்தில் அவர் ஒரு பிரச்சினையை முன்வைத்தார். சில நாட்களில் ஆட்கள் வராமல் மெஷின்கள் சும்மா கிடக்கின்றன. வெளியே இடத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலோ நீண்டுகொண்டே போகிறது. மெஷின் எவ்வளவு ஓடுகிறதோ அதைப் பார்த்துத்தான் மேலிடம் அடுத்த வருஷத்துக்குப் பணம் ஒதுக்கும். என்ன செய்யலாம் என்று கேட்டார். நான்தான், முரளி, சொன்னேன். முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு முறை வராதவரின் இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அங்கேயே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். எவையெல்லாம் ஏற்கத்தக்க காரணம், எவை இல்லை என்று அதிலேயே பிரித்திருந்தேன். மருத்துவ காரணம் உண்டு. வெளியூர்ப் பயணம், திருமணம் முதலிய குடும்ப நிகழ்ச்சிகள், போக்குவரத்து இடைஞ்சல் இல்லை. சென் சாஹேப் அதை வாங்கிப் படித்துவிட்டு, இதில் ஒரு கமாவைக்கூட மாற்ற வேண்டாம் என்றார்.

பிரிவின் பொறுப்பு நர்ஸ் ஷிகா சிஸ்டரையும் அன்று அழைத்திருந்தார்கள். மேஜையில் அவளுக்கு இடமில்லை. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் கேட்டாள். "மழைக்காலத்தில் தெற்கு லைனில் ரயில் நின்றுபோனால் என்ன செய்வது? பாதிப் பேர் அந்த லைனிலிருந்துதான் வருகிறார்கள்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடும்பங்களின் பிரதிநிதி அல்லவா. "ஒரு விலக்கு கொடுத்தால் ஒன்பது விலக்கு கேட்பார்கள், சிஸ்டர்," என்றேன். "அப்புறம் விதி என்று ஒன்றே இருக்காது." சென் சாஹேப் மேஜையைத் தட்டி, நோயாளிகளின் குடும்பமே இப்படிச் சொல்லும்போது நாம் தயங்குவானேன் என்றார். பத்து நிமிஷத்தில் நிறைவேறிவிட்டது. அந்த விதி முழுக்கத் தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். அதனால் இடம் கிடைத்துப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் லேக் கார்டன்ஸிலிருந்து ஆட்டோவில் போய்வருகிறவன். ரயிலில் வருகிறவர்களின் சார்பாகப் பேச என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை. நீ அந்த நாற்காலியில் உட்காரும்போது முதலில் இதை நினைத்துக்கொள்.

உனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வரும். நம் கட்டடச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது, மாடிப்படிக்குக் கீழே வண்டி நிறுத்தக் கூடாது என்று விதி எழுதி, முதல் ஆளாக உன் சைக்கிளையே பூட்டி வைத்தேன். நீ ஒரு வாரம் ஸ்கூலுக்கு நடந்தே போனாய். பெரியவனானதும் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய், எங்க அப்பாவுக்கு ரூல்னா ரூல், மகனென்றும் பார்க்க மாட்டார் என்று. உன் கல்யாணத்தில்கூடப் பெண் வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தாய். அப்போது நான் எனக்கு முன்னால் போட்டிருந்த இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதற்கு ஐந்து நாள் முன்னால்தான், ரயில் ஏறுவதற்கு முன், சூப்பிரண்டெண்டுக்குப் போன் செய்து ஒரு உதவி கேட்டிருந்தேன்.

உன் கல்யாணத்துக்காக நாங்கள் அங்கே வந்திருந்த பத்து நாளில் அம்மாவுக்குக் கோவையிலேயே தனியார் இடத்தில் டயாலிசிஸ் ஏற்பாடு செய்தாய். ஆனால் இங்கே இரண்டு முறைக்கு மேல் தவறும். திருமணம் ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்த இடம் போனால் அம்மாவுக்குத் திரும்ப எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சூப்பிரண்டெண்ட் சிரித்தார். உங்கள் ரூல் உங்களையே கடிக்கிறதே என்றார். பிறகு, கவலைப்படாமல் போய் மகன் கல்யாணத்தை நடத்துங்கள் என்றார். வருகைப் பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு நேரே 'மருத்துவ காரணம்' என்று எழுதினார்கள். அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவளும் நம்பினாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மாவின் படுக்கைக்கு அடுத்த படுக்கையில் வேறு ஒரு பெண் படுத்திருந்தாள். அங்கே மூன்று வருஷமாகப் படுத்தவள் மாலதி. சம்பாஹாட்டியிலிருந்து கேனிங் லோக்கல் ரயிலில் ஏறி டாக்குரியாவில் இறங்கி வருவாள். வீட்டில் தையல் மெஷின் வைத்துக்கொண்டு பிளவுஸ் தைப்பவள். அம்மாவைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான்கு மணி நேரம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துப் பேசியே பொழுதைக் கழிப்பார்கள். அம்மா பேசிய வங்காளத்தை அவள் ஒருத்திதான் கேலி செய்யாமல் திருத்துவாள். உன் கல்யாணத்துக்கு அம்மா உடுத்தியிருந்த அந்தப் பச்சைப் பட்டுக்கு ரவிக்கை தைத்ததும் அவள்தான். நாங்கள் ஊரில் இல்லாத அந்த வாரம் இங்கே அடைமழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் ஓடவில்லை. அவள் இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை வந்தபோது அவள் இடத்தில் ஆள் மாறியிருந்தது.

அம்மா அவளுக்கு நம் விலாசம் கொடுத்தாள். அவளும் கணவர் கோபாலும் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தார்கள். இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தாளாம். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மா டீ போட்டாள், அவளுக்கு மட்டும் அளவாக அரை டம்ளர். மாலதி அழவில்லை, சண்டை போடவில்லை. அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "தாதா, ரயிலே வரவில்லை. ரெண்டு நாளும் விடியற்காலையிலிருந்து ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டால் சொல்வார்" என்றாள். அவள் என்னிடம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள், முரளி, நான் ஏதோ நீதிபதி போல. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே போனை எடுத்திருக்க வேண்டும். உன் அம்மாவுக்காக எடுத்த அதே போனை. அதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். கோபாலுக்கு எழுத்து வேகமாக வராது என்பதால் நானே வாசகம் சொல்லி எழுத வைத்தேன். அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றேன். வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவர்கள் போன பிறகு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்திகூட எனக்கு இருந்தது.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் மாலதி இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்கு அலைந்து, எங்காவது யாராவது வராமல் போனால் கிடைக்கும் இடத்தில் எப்போதாவது டயாலிசிஸ் செய்துகொண்டாள். கூட்ட நாளன்று அவள் விண்ணப்பம் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் கடைசியில் இருந்தது. அப்படி வைத்தவனும் நான்தான். நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் வேலை என்னுடையது. அதற்கு முந்தைய விஷயம் முடியும்போதே மதியமாகிவிட்டது. சென் சாஹேப் வாட்ச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இது என்ன, யாரோ ஒரு நோயாளி விஷயம் போலிருக்கிறதே, அவசரமா என்று கேட்டார். நல்ல மனிதர், அவசரம் என்று நான் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது இதுதான்: மாலதி விஷயத்தை எடுத்தால் அந்த வாரத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்வார்கள். அவள் பெயருக்கு மேல் வரியில் உன் அம்மாவின் பெயர் இருக்கும். "அவசரமில்லை, சார். அடுத்த முறை பார்க்கலாம்" என்றேன். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். நானும் போனேன். சாப்பிட்டேன்.

அடுத்த முறை வருவதற்குள், துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், மாலதி இறந்துவிட்டாள். ஷிகா சிஸ்டர் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஊசி போடும்போது சொல்லியிருக்கிறாள். சும்மா சொல்லவில்லை. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். அன்று அம்மா வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து, எனக்கு மருத்துவ காரணம் என்ன என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், போன் செய்தது, விண்ணப்பத்தைக் கடைசியில் வைத்தது, அவசரமில்லை என்றது எல்லாம். முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னைத் திட்டி எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்று திட்டவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வாரந்தாங்க வரலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என் இடத்தை விட்டுடுங்க. அங்கே போய் என்னால படுக்க முடியாது" என்றாள். உனக்காகத்தானே செய்தேன் என்று நான் ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தினாள். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. இன்றுவரை முடிக்கவில்லை.

மறு வாரம் அவள் சொன்னதால் சம்பாஹாட்டிக்குப் போனோம். கோபால் எங்களை உட்கார வைத்தார். நான் கைகூப்பி, என் தப்பு என்று ஏதோ சொன்னேன். முழுவதையும் சொல்லவில்லை, அங்கேயும் பாதிதான். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. "தாதா, அந்த விண்ணப்பம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடம்தான் இருக்கிறது என்றேன். அதில் ஒட்டியிருக்கும் போட்டோ வேண்டும், அதுதான் அவள் கடைசியாக எடுத்துக்கொண்டது, சிராத்தத்துக்குப் பெரிதாக்க வேண்டும் என்றார். மறுநாள் தபாலை நம்பாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பசையில் ஒட்டியிருந்ததைப் பிய்க்கும்போது ஒரு ஓரம் கிழிந்துவிட்டது. கோபால் அதை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, முகத்தில் படவில்லை, பரவாயில்லை என்றார்.

அதன் பிறகு அம்மா டாக்குரியா பக்கம் தனியார் இடத்துக்கு மாறினாள். நீ போனில் பதறினாய். இலவசமாக நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குழு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஏழைகளைப் பாதிக்கிற ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள், எதிர்த்து ராஜினாமா செய்துவிட்டேன், அப்புறம் அவர்கள் சலுகையை அனுபவிப்பது முறையில்லை என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியாது. யோசித்துச் சொன்னதில்லை. தயாராக இருந்ததுபோல வந்தது. நீ, "உங்களை நினைச்சா பெருமையா இருக்குப்பா" என்றாய். அம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்று மாலை வந்து, "அவன்கிட்ட நீங்களேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட ஞாபகப்படுத்தவில்லை. அவள் போன பிறகு நீ வந்து பதிமூன்று நாள் என்னோடு இருந்தபோதும் நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். சாக்கு எனக்கு எப்போதும் ஏற்கத்தக்கதாகவே கிடைத்துவிடுகிறது.

நீ பேசிய மறுநாள் நான் அந்த மருத்துவமனைக்குப் போனேன். போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. டயாலிசிஸ் பிரிவு வாசலில் நாங்கள் உட்காரும் பெஞ்சுகளை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். ஷிகா சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டாள். விதி மட்டும் சுவரில் இருக்கிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு, வங்காளத்தில். என் வயதுள்ள ஒரு மனிதர், மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வந்தவர், மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை, அதில் என்ன போட்டிருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்றார். அன்றுதான் அவர்களுக்கு முதல் நாள் போலிருக்கிறது. வரிவரியாகப் படித்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, நாங்கள் லட்சுமிகாந்த்பூர் லைன், ரயில் வராவிட்டால் என்ன செய்வது என்றார். ஷிகா சிஸ்டர் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை மேஜையைத் தட்ட யாரும் இல்லை. "தப்பாக எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் புத்தி பிசகியவன் என்று நினைத்திருக்கலாம். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "அப்படியானால் மாற்றி எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். இப்போது இருக்கும் தலைவருக்கு, மூன்று பக்கம். விதி எப்படி வந்தது, யார் எழுதியது, ஷிகா சிஸ்டர் என்ன கேட்டாள், நான் என்ன பதில் சொன்னேன், அந்த மழை வாரத்தில் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்த இரண்டு பெயருக்கு நேரே என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மாலதியின் பெயரும், அம்மாவின் பெயரும், என் பெயரும் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு சம்பாஹாட்டிக்குப் போய் கோபாலுக்குப் படித்துக் காட்டினேன், போன முறை சொல்லாமல் விட்ட பாதியையும் சேர்த்து. அவர் வெகு நேரம் தையல் மெஷின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாமே, தாதா என்றார். டீ கொடுக்கவில்லை. கடிதம் போகட்டும் என்றார். நேற்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வருமா, விதியை மாற்றுவார்களா, ஒன்றும் தெரியாது.

நீ அந்தக் குழுவில் சேர வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. போ. போவதற்கு முன் உங்கள் ஊர் டயாலிசிஸ் பிரிவு வாசலில் நாலு நாள் போய் உட்கார். பஸ்ஸில் வருகிறவர்களிடம் பேசு. மேஜையில் இடம் தராமல் சுவரோரம் உட்கார வைத்தவர்கள் ஏதாவது கேட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள். முக்கியமாக, உன் சொந்தக்காரர் யாராவது அந்தப் பிரிவில் இருந்தால் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடு. சொல்லாமல் விட்ட ஒன்று எப்படி ஆளின் வாயை அடைக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அங்கே பேச வேண்டி வந்தால், ராஜினாமா கதையைச் சொல்லாதே. இதைச் சொல். பெயரை மறைக்க வேண்டாம்.

படித்து முடித்ததும் உடனே போன் செய்ய வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். பேசினால், மழை எப்படி என்று நான் ஆரம்பிப்பேன். ஆரம்பித்தால் நிறுத்து.

அப்பா